இன்னும் ரெண்டு தோசை

ஜெர்மனியில் தனியாக இருந்த மூன்று வருடங்களும் சமையல், துணி துவைப்பது, கழிப்பறை கழுவுவது எல்லாம் நானேதான் செய்தேன். 'பொம்பளை வேலை' என்று சொல்லக் கேட்டே வளர்ந்தவன் மாறிவிட்டேன் என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொல்வேன்.

விடுமுறையில் முத்தாபுதுப்பேட்டை வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காலை, அம்மா ஒற்றைக் கையால் தோசை சுட்டுக்கொண்டிருந்தார். இடது கை தொங்கியது. முகமெல்லாம் வேர்வை.

"இன்னாம்மா ஆச்சு?"

"வாயு புடிச்சிகினு கீதுப்பா. நீ சாப்புடு, ஆறிப் பூடும்."

நான் இன்னும் இரண்டு தோசை கேட்டேன். சுட்டுப் போட்டார். சாப்பிட்ட தட்டை அங்கேயே விட்டுவிட்டுக் கை கழுவப் போனேன். பின்னால் ஏதோ விழும் சத்தம் கேட்டது.

"கரண்டி உழுந்துடுச்சா?" என்றேன், திரும்பாமலே. கையைத் துடைத்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அம்மா தரையில் கிடந்தார்.

மருத்துவமனையில் டாக்டர் மாரடைப்பு என்றார். "காலையிலயே வலி இருந்திருக்கே, அப்பவே ஏன் கூட்டிட்டு வரல?" என்று கேட்டார். அப்போது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மா பிழைத்துக்கொண்டார். ஆனால், நான் மாறியிருக்கவில்லை என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. ஜெர்மனியில் எனக்குச் செய்துபோட ஆளில்லை, அவ்வளவுதான்.