வியர்வைக்கு ஏது கடிகாரம்

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. எப்படி இருக்கும்? கல்கத்தா கிடர்பூரில் எங்கள் சந்தில் இரண்டு வருஷமாகப் பேயாக இருந்தவனே நான்தான். அத்தானின் வெள்ளை வேட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்று, வங்காளிப் பிள்ளைகள் 'பூத், பூத்' என்று அலறி ஓடுவதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். அதனால் நான் சொல்வதை நீங்கள் நம்பாவிட்டால் உங்கள் மேல் குற்றமில்லை, என் லட்சணம் அப்படி. ஆனாலும் இது நடந்தது.

என் பெயர் சுடலைமுத்து. ஊர் தூத்துக்குடி. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போனதால், அக்காவைக் கட்டிய முத்தையா அத்தான் பின்னாலேயே கல்கத்தா வந்து, துறைமுகத்தில் சணல் கட்டு ஏற்றுகிற இடத்தில் ஒட்டிக்கொண்டேன். அத்தானுக்குக் கப்பலில் வேலை, பாய்லர் உலைக்குக் கரி அள்ளிப் போடுவது. வீட்டுக்கு வந்து மூன்று தடவை குளித்தாலும் காது மடலில் கரி மிச்சம் இருக்கும்.

"அக்கா, ஒம் புருசன் வந்தாச்சு. தோசைக்கல்ல எடுத்து உள்ள வை, எது எதுன்னு தெரியாமப் போயிரும்" என்பேன். அவரும் சேர்ந்து சிரிப்பார். நல்ல மனுஷன்.

அந்த மார்கழியில் அவர் ரங்கூனுக்கும் அதற்கு அப்பாலும் போகிற ஒரு கப்பலில் ஏறினார். போன நடையில் அதே கப்பலில் ஒருவன் உலைச் சூடு தாங்காமல் சுருண்டு விழுந்து, கரைக்குத் திரும்பவே இல்லை என்று சந்து முழுக்கப் பேச்சு. அக்கா போக வேண்டாம் என்றாள். அவர், "போறேன்னா சொன்னேன்? வாரேன்னுதான சொல்லுதேன், வந்திருவேன் செல்லம்மா" என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டார். அன்றோடு அக்காவுக்குச் சிரிப்பு நின்றது. நானும் என்னென்னவோ கோமாளித்தனம் செய்து பார்த்தேன், பலிக்கவில்லை.

நாலாம் நாள் ஒரு சணல் கட்டு உருண்டு வந்து என் இடது காலில் விழுந்தது. "கட்டு வருது, கட்டு வருது" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். தினமும் அப்படிப் பொய்யாகக் கத்தி எல்லாரையும் குதிக்க வைக்கிறவன் நான். எனக்கே திருப்பித் தருகிறார்கள் என்று நினைத்துத் திரும்பாமல் நின்றேன். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது.

வங்காளி டாக்டர் பாபு வீட்டுக்கே வந்து பலகை வைத்துக் கட்டி, ஒரு பழுப்புப் புட்டியைக் கொடுத்தார். அபின் கலந்த சொட்டு மருந்து. தண்ணீரில் விட்டுக் குடித்தால், வலி குறைந்தது என்றெல்லாம் இல்லை, எழுந்து கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டது. எங்கே போகிறது என்று நான் கேட்கவில்லை. போகிறவனை யார் கேட்பார்கள்?

மருந்து குடிக்க ஆரம்பித்து மூன்றாம் நாள் அது தொடங்கியது. நல்ல குளிர்காலம், பகலிலும் கம்பளி போர்த்திக்கொண்டுதான் கிடந்தேன். துறைமுகத்தில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது. ஊதி முடியவில்லை, நெஞ்சுக்குள் யாரோ அடுப்புக் கதவைத் திறந்த மாதிரி ஒரு சூடு. கழுத்துக்கு ஏறி, காதுக்கு ஏறி, முகம் செம்பருத்தியாகச் சிவந்துவிட்டதாம், அக்கா சொன்னாள். துண்டைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. அது கூடப் பரவாயில்லை. என் இரண்டு கையும் எதையோ பிடிப்பது போல மடங்கிக்கொண்டன, தோள்பட்டை எதையோ அள்ளி வீசுகிற மாதிரி இறுகி இறுகி விட்டது. நாலு மணிக்குச் சட்டென்று எல்லாம் நின்று, நடுங்கிக்கொண்டு கம்பளியைத் தேடினேன். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

அக்கா பயந்துபோய் டாக்டர் பாபுவை அழைத்துவந்தாள். அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "காம் ஹொச்சே?" என்று கேட்டார்.

இங்கேதான் கூத்து. வங்காளியில் காம் என்றால் வியர்வை. வியர்க்கிறதா என்று கேட்டிருக்கிறார். துறைமுகத்து இந்தியில் காம் என்றால் வேலை. அவர்கள் நாக்கில் இரண்டும் வேறு வேறு சத்தமாம், தமிழ்க் காதுக்கு இரண்டும் ஒரே காம்தான். 'வேலை நடக்கிறதா?' என்று கேட்பதாக நினைத்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் கை கரி அள்ளுகிற மாதிரி போவதை நான் யாரிடமும் சொல்லவில்லையே, இவருக்கு எப்படித் தெரிந்தது?

"ஆமாம் பாபு, நடக்கிறது. பன்னிரண்டிலிருந்து நாலு வரை" என்றேன் இந்தியில்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "வியர்வைக்கு ஏது கடிகாரம்?" என்றார். பிறகு நிதானமாக எடுத்துச் சொன்னார். இந்த மருந்து சிலருக்கு உடம்பைத் திடீர் திடீரென்று சூடாக்கும், வியர்க்க வைக்கும், பயப்பட ஒன்றுமில்லை, இனிமேல் பாதி சொட்டு போதும், நிறையக் குடித்தால் இது ஆளை விடாது. அவ்வளவுதான். படித்தவர், அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

ஆனால் அக்கா சிரிக்கவில்லை. அவர் போனதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏலே, அவுக முறை ஒனக்கு யாரு சொன்னா?"

"எந்த முறை?"

"கப்பல்ல பன்னெண்டுல இருந்து நாலு வரைக்கும்தான் அவுக உலைக்கு முன்னால நிக்கணும். கெளம்புற அன்னைக்கு எங்கிட்ட மட்டும் சொன்னாக."

என்னைக் கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் எங்கள் வீட்டில் அந்தத் தொழில் எனக்கு மட்டும்தான்.

நீங்கள் கேட்கப்போவது தெரியும். பதினொரு மணிச் சாப்பாட்டோடு மருந்து, அதனால் பகலில் சூடு, இதில் என்ன அதிசயம்? நானும் அதைத்தான் சொன்னேன். மறுநாள் வேண்டுமென்றே இரண்டு மணிக்குக் குடித்தேன். சூடு பன்னிரண்டுச் சங்குக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. முந்தைய நாள் மருந்து உடம்பில் மிச்சம் இருந்திருக்கும் என்பீர்கள். இருந்திருக்கலாம்.

"பாதிச் சொட்டு வேண்டாம்லே, முழுசா குடி" என்றாள் அக்கா.

"எனக்குத்தான் வலியே இல்லையேக்கா. சும்மா எதுக்கு வேகணும்?"

"அந்தச் சூட்ட யாராவது ஒருத்தர் தாங்கித்தான் ஆகணும். நீ வீட்டுல படுத்துக்கிட்டுத் தாங்கு. தண்ணி இருக்கு, விசிற நான் இருக்கேன். அவுகளுக்கு அங்க யாரு இருக்கா?"

புட்டியை வாங்கிக் குடித்தேன்.

அப்புறம் தினமும் அதுதான். சங்கு ஊதும், நான் வேவேன், அக்கா விசிறுவாள், நாலு மணிக்கு இரண்டு பேரும் பெருமூச்சு விடுவோம். புட்டி தீர்ந்ததும் டாக்டர் பாபுவிடம், "இன்னும் வலிக்குது" என்று முனகிக் காட்டி இன்னொன்று வாங்கினேன். என் ஆயுசில் அவ்வளவு சுலபமாக யாரும் நம்பிய பொய் வேறில்லை.

தை முடியப்போகிற ஒரு நாள், சங்கு ஊதியது, சூடு வரவில்லை. அக்கா விசிறியைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். ஒரு மணி, இரண்டு மணி. என் நெற்றியில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. அவள் முகத்தில் ரத்தமே இல்லை. "வேத்துச்சாலே? கொஞ்சமாவது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பொய்யாகவாவது வியர்த்துக் காட்டலாம் என்றால், அந்த வித்தை எனக்குத் தெரியாது.

சாயங்காலம் அஞ்சு மணிக்குச் சந்து முனையில் அத்தான் வந்தார். காலையிலேயே கப்பல் கரைக்கு வந்து உலையை அணைத்துவிட்டார்களாம். அக்கா ஓடிப் போனவள் பாதி வழியில் நின்றுவிட்டாள். அத்தான் நொண்டிக்கொண்டு வந்தார். இடது கால்.

"என்னாச்சு அத்தான்? எங்க விழுந்தீங்க?"

"எங்கயும் விழல மாப்ள. ரங்கூன் தாண்டல, அதுக்குள்ள முழங்காலுக்குக் கீழ ஒரு வலி. வீக்கம் இல்ல, காயம் இல்ல. எலும்பு முறிஞ்சாப்புல வலி. ஒத்தக்கால்லயே நின்னு கரி அள்ளுனேன். ஆனா ஒண்ணு" என்று குரலைத் தாழ்த்தினார். "நம்ப மாட்டீக. உலைக்கு முன்னால சூடே தெரியல. பக்கத்துல நிக்கிறவன்லாம் மயங்கி விழுதான், நான் குளுருதுன்னு கம்பளி கேட்டேன். எனக்குக் கிறுக்குன்னுட்டானுவ." அப்புறம்தான் என் காலில் இருந்த கட்டைப் பார்த்தார். "ஒனக்கு என்னலே ஆச்சு?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். சணல் கட்டைச் சொன்னோம், சூட்டைப் பற்றி அவரிடம் இன்றுவரை இரண்டு பேரும் சொல்லவில்லை.

அன்றே மருந்தை நிறுத்தினேன். சூடு அதற்குப் பிறகு வரவே இல்லை. வலியும் திரும்பி வரவில்லை. கட்டுப் பிரித்த அன்று டாக்டர் பாபு காலை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, எலும்பு அருமையாகக் கூடிவிட்டது என்றார். எலும்பு முறிந்த நான் சந்தில் ஓடுகிறேன், ஒன்றுமே ஆகாத அத்தான் நொண்டுகிறார். கப்பல் வேலையை விட்டுவிட்டார், இப்போது கிடங்கில் காவல்.

போன வாரம் வாசல் பக்கம் போகையில் என் இடது காலைக் கட்டில் காலில் நன்றாக இடித்துக்கொண்டேன். தோல் உரிந்து ரத்தம் வந்தது, எனக்கு வலிக்கவில்லை. பின்கட்டில் முகம் கழுவிக்கொண்டிருந்த அத்தான்தான், "ஸ்ஸ்... யம்மா" என்றார்.

வேப்பமரத்தடியில் நிற்பதை விட்டுவிட்டேன். இப்போதெல்லாம் பார்த்துத்தான் நடக்கிறேன்.