குளிர்த்திக்குப் போகாதவர்கள்

அம்மாவின் நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று முடிவானதும், கனடாவிலிருந்து தம்பி தொலைபேசியில் சொன்ன முதல் சொல், "அக்கா, ஆரையும் ஏசி எழுதிப்போடாத." என் வாயைப் பற்றி அவனுக்குத் தெரியும். இந்தக் கட்டுரையில் ஏச்சு வாங்கப்போவது நான் ஒருத்திதான். ஆகையால் அவன் பயப்படத் தேவையில்லை.

அம்மா வெல்லாவெளியில் ஒரு வேளாண்மைக் குடும்பத்தில் நான்காவது பிள்ளையாகப் பிறந்தார். வயல் வட்டைக்குள் இறங்கினால் வெட்டிலும் சரி, கட்டுக் கட்டுவதிலும் சரி, ஆண்களுக்குப் பின்னால் நிற்கமாட்டார். சண்டைக் காலத்தில் ஒரு நாள் அப்பாவை விசாரிக்கவென்று கூட்டிப்போனார்கள். அவர் திரும்பி வரவேயில்லை. அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு, ஒரு பெட்டியும் ஒரு கிடாரமுமாக வாவியைக் கடந்து கிழக்கே எழுவான்கரைக்கு வந்தார். இந்த ஊரில் எங்களுக்குச் சொந்தம் என்று ஒருவரும் இல்லை. கோயில் திருவிழாவில் பங்கு கேட்கத் தாய்வழிக் குடி என்று ஒன்றும் இல்லை. இடியப்பம் அவித்து விற்றும், அரிசி ஆலைக் களத்தில் நெல் காயவைத்தும் எங்களைப் படிப்பித்தார். ஒருவர் இரக்கப்பட்டுப் பேசினால் அம்மாவுக்குப் பிடிக்காது. "உங்கட வேலையப் பாருங்ககா" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அடுத்த நாள் அவர்களுக்கே முருங்கைக்காய் கொடுத்து அனுப்புவார்.

எத்தனை துன்பம் வந்தாலும் அம்மா அம்மன் கோயிலை விடவில்லை. நான் விட்டுவிட்டேன். அப்பாவைத் திருப்பித் தராத சாமியோடு எனக்கு என்ன கதை என்ற கோபம். அம்மாவைக் கூட்டிக்கொண்டுபோய் வாசலில் விட்டுவிட்டு, செருப்பைக் கழற்றாமல் வெளியில் நிற்பேன். "உள்ளுக்கு வாவன் புள்ள, அம்மன் உன்னக் கடிக்கவா போறா?" என்பார். நான் அசையமாட்டேன்.

சென்ற ஆண்டு தமிழ் வருடம் பிறக்கும் முன்பே அம்மாவின் வயிற்றில் புற்றுநோய் முற்றிவிட்டது தெரிந்தது. இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்றார் டொக்டர். நாவற்குடாவில் படிப்பித்துக்கொண்டிருந்த நான் லீவு போட்டுவிட்டு வந்து அம்மாவின் கட்டிலடியில் பாயை விரித்தேன்.

தூரத்திலிருக்கும் உறவினருக்காக ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். எங்கள் ஊர் அம்மன் கோயிலின் கதவு வருடத்தில் வைகாசியில் மட்டும் ஏழு நாளுக்குத் திறக்கும். ஏழாம் நாள் அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்கோடு மூடிவிடும். அந்த நாட்களில் செத்தவீட்டுக்குள் காலை வைத்தவர் அந்த வருடம் கோயிலுக்குள் போக முடியாது. அது அம்மாவுக்கும் தெரியும். "கதவு திறந்திருக்கக்குள்ள நான் கண்ண மூடினா சனத்துக்கு இடைஞ்சல்" என்று மூச்சு வாங்க வாங்கச் சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாகிற நேரத்திலுமா ஊருக்குப் பயப்பட வேண்டும்? அம்மாவைத் தூக்க நாலு பேர் வருவார்களா என்ற பயம் எனக்கு அதைவிடப் பெரிதாக இருந்தது.

கதவு திறப்பதற்கு முதல்நாள் எதிர்வீட்டுச் சின்னப்பிள்ளை மாமியும் இன்னும் இரண்டு பெண்களும் வாசல் படலைக்கு வந்தார்கள். "அம்மாக்கு எப்பிடிக் கிடக்கு புள்ள? டொக்டர் எத்தின நாளெண்டு சொன்னவர்?" என்று மாமி கேட்டார். அந்தக் கேள்வியில் என் தலை வெடித்துவிட்டது.

"உங்கட குளிர்த்தி முடியுமட்டும் உசிரப் பிடிச்சு வெச்சிருக்கச் சொல்றன். போய்க் கோயில்ல சொல்லுங்க!"

மற்ற இருவரும் முகம் சுருங்கித் திரும்பினார்கள். மாமி மட்டும் கொண்டுவந்த கஞ்சியைப் படலைத் தூணில் வைத்துவிட்டுப் போனார். நான் அதை எடுக்கவில்லை. அம்மாதான் உள்ளேயிருந்து, "அதுகள் கொண்டந்தத எடுத்து வாடி" என்று முனகினார். இரண்டு கரண்டி குடித்தார்.

அதன் பிறகும் அவர்கள் வந்தார்கள். ஒருத்தி துணி துவைத்தாள், ஒருத்தி அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்தாள். நான் முறைத்துக்கொண்டே இருந்தேன்.

ஆறாம் நாள் மத்தியானம் அம்மா போய்ச் சேர்ந்தார். நான் கத்திய சத்தத்தில் முதல் ஆளாக மாமி ஓடிவந்து அம்மாவின் தலையை மடியில் எடுத்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஐயோ மாமி, நாளைக்குக் குளிர்த்தி! நீங்க தொட்டிட்டீங்களே!"

"அம்மன் வாற வருசமும் கதவு திறப்பா புள்ள. உங்கம்மாவ இண்டைக்குத்தான் குளிப்பாட்டலாம். அங்கால தள்ளு."

பிறகுதான் விசயம் தெரிந்தது. அன்றைக்குப் படலைக்கு வந்தது ஆள் பிரிக்கத்தான். யார் கோயிலுக்குப் போவது, யார் எங்களுக்காக வெளியில் நிற்பது என்று எங்கள் சிறு தெருவான ஒழுங்கையின் சனம் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்திருக்கிறது. எத்தனை நாள் என்று தெரிந்தால் அதற்கேற்ப ஆட்களை மாற்றலாம் என்று கேட்டிருக்கிறார்கள். ஆறு பெண்களும் ஐந்து ஆண்களும் அந்த வருடம் கோயிலில் காலே வைக்கவில்லை. மாமிக்கு மகனுக்காகச் செய்யவேண்டிய நேர்த்திக்கடனும் இருந்தது. அதையும் தள்ளிவைத்திருந்தார். என் வாய்க்குள் மண்ணைப் போட்டால் தகும் என்று இருந்தது.

கோயில் கதவு திறந்திருந்ததால், அன்று பின்னேரமே அம்மாவைப் பறை இல்லாமல் எடுத்துச் சென்றோம். எங்களுக்காகக் கோயில் ஒலிபெருக்கியை நிறுத்தியிருந்தார்கள். கோயிலைப் பொறுப்பாகப் பார்க்கும் வண்ணக்கர் ஐயா காப்புக் கட்டியிருந்ததால் கிட்ட வர முடியாமல், சந்தியில் தள்ளி நின்று கைகூப்பினார். எங்கள் அம்மாவை, ஊருக்கு வந்து சேர்ந்த ஒரு மனிசியை, அந்த ஐவரும் தங்கள் தாயைப்போலத் தோளில் வைத்திருந்தார்கள்.

மறுநாள் குளிர்த்திப் பாட்டு எங்கள் முற்றம் வரை கேட்டது. மாமி கோயில் பக்கம் திரும்பி நின்று தலைக்கு மேல் கைகூப்பினார். கண்ணீர் வழிந்தது. பக்கத்தில் நானும் எப்போது அப்படிக் கைகூப்பினேனோ தெரியாது. சாமி இருக்கிறதா என்று இப்போதும் என்னால் வாதாட ஏலாது. ஆனால் அந்தப் பெண்கள் கும்பிடுகிறதை நானும் கும்பிட ஆசைப்பட்டேன்.

அம்மாவின் திதி இம்முறை கதவு திறக்கும் நாட்களுக்குள் வருவதால், எல்லோரும் வரட்டும் என்று திவசத்தை முன்தள்ளி வைத்திருக்கிறோம். தன் வண்டியில் வைத்தியசாலைக்கு ஏற்றியிறக்கி, கடைசிவரை அம்மாவுக்காக அல்லாவிடம் துஆக் கேட்ட காத்தான்குடி நாநாவுக்கும், தூரத்திலிருந்து அழுத தம்பிக்கும், அம்மாவை விரும்பிய அனைவருக்கும் எங்கள் நன்றி. படலையில் நான் சொன்ன சொல்லை இன்றுவரை ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை. அச்சில் மன்னிப்புக் கேட்கிறேன்.

இந்த வருடம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும் என்று மாதக்கணக்காக நினைத்திருந்தேன். ஆனால் ஒழுங்கையின் கடைசி வீட்டு ஐயா மூன்று கிழமையாகப் படுக்கையில் இருக்கிறார். நேற்று ஆள் பிரித்தபோது வெளியில் நிற்பவர்களில் என் பெயரைச் சொல்லிவிட்டேன். மாமி உள்ளே போகட்டும்.