பன்னிரண்டாவது நாற்காலி

பெரிய வியாழக்கிழமை பாதம் கழுவும் சடங்குக்குப் பன்னிரண்டு ஆண்களைப் பிடித்து உட்கார வைப்பது என் பொறுப்பு. புனே கேம்ப்பில் இருக்கும் எங்கள் கோயிலில் ஞாயிறு சாயங்காலம் ஒரே ஒரு தமிழ்ப் பூசை. அதற்கு இருநூறு பேர் வருகிறார்கள். பன்னிரண்டு பேர் தேறுவது பெரிய காரியமில்லைதான். ஆனால் எங்களுக்கென்று ஒரு வழக்கம் இருக்கிறது. ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் ஓர் அப்போஸ்தலரின் பெயர் எழுதிய அட்டையைக் கட்டிவிடுவோம். இதை ஆரம்பித்து வைத்த மகராசன் யாரோ, என் கையில் கிடைத்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். பேதுருவுக்கும் யோவானுக்கும் சிபாரிசு வரும். பன்னிரண்டாவது அட்டை யூதாசுடையது, அதில் உட்கார ஆள் கிடைக்காது.

ஒரு வருடம் ஒருவரைச் சரிக்கட்டி உட்கார வைத்தேன். அவர் மனைவி பெஞ்சிலிருந்து எழுந்து வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அடுத்த வருடம் யூதாசுக்குப் பின்னால் அந்த இடத்துக்கு வந்த மத்தியாசின் பெயரை எழுதி ஒப்பேற்றினேன். ஆண்டவர் சீடர்களின் காலைக் கழுவிய அந்த ராத்திரி விருந்தில் மத்தியாஸ் எங்கே இருந்தார் என்று ஒரு பெரியவர் சண்டைக்கு வந்துவிட்டார். அதற்கும் அடுத்த வருடம்தான் சேவியர் என்னிடம் வந்து, அந்த நாற்காலியைத் தனக்குக் கொடுக்கும்படி கேட்டார். நான் காரணம் கேட்கவில்லை. தொல்லை விட்டது என்று கொடுத்துவிட்டேன். பத்தொன்பது வருடம் அவர்தான் அதில் உட்கார்ந்தார்.

சேவியருக்குத் திண்டுக்கல் பக்கம். சிஞ்ச்வட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்து ஏழு வருடமாகிறது, தீபா ஒரே மகள். ஞாயிறுதோறும் லோக்கல் ரயிலேறி, ஸ்டேஷனிலிருந்து பஸ் பிடித்து, பூசைக்கு அரை மணி முன்னாலேயே வந்துவிடுவார். ஃபேன் ஓடவில்லை, மைக் கத்துகிறது என்றால் அவரைத்தான் கூப்பிடுவோம். "ஹோ ஜாயேகா, ஆயிடும்" என்று ஏணியில் ஏறுவார். வலது காலில் சுண்டுவிரல் இல்லை, கம்பெனியில் இரும்பு விழுந்து போனது. பெரிய வியாழனுக்கு முந்தின நாள் குதிகால் வெடிப்பில் உள்ள கறையை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ப்பாராம். கல்யாண மாப்பிள்ளை கூட இவ்வளவு அலங்காரம் செய்துகொள்ள மாட்டான் என்று கேலி செய்வேன். அவர் சிரித்துவிட்டுப் போவார்.

நான் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பழக்கம் விடுமா? கோயிலிலும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடத்துகிறேன். ஒவ்வொரு தபசு காலத்திலும் ஒரே பாடம்தான். பேதுரு ஆண்டவரைத் தெரியாது என்றார், ஆனால் அழுது திரும்பி வந்தார். யூதாஸ் காட்டிக்கொடுத்தான், நம்பிக்கையை விட்டான், நாண்டுகொண்டு செத்தான். அழுதவர் திருச்சபைக்குத் தலைவர், அழாதவன் நரகத்தில். இதைக் கரும்பலகையில் இரண்டு பத்தியாகப் போடுவேன். சேவியர் பின்னால் ஸ்விட்ச் போர்டை நோண்டியபடி கேட்டுக்கொண்டிருப்பார். ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தார்.

"யூதாஸ் எந்திரிச்சு வெளிய போனது, காலக் கழுவினதுக்குப் பின்னாடிதானே டீச்சர்?"

யோவான் எழுதியபடி பார்த்தால் ஆமாம் என்றேன். அவன் என்ன செய்யப் போகிறான் என்று தெரிந்துதான் கழுவினாரா என்று கேட்டார். அதற்கும் ஆமாம் என்று சொல்ல வேண்டியிருந்தது. தலையாட்டிவிட்டு மறுபடி ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டார்.

போன வருடம் தவக்காலத்தில் தீபா என் வீட்டுக்கு வந்தாள். மகர்பட்டாவில் ஐடி வேலை. கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நல்ல குடும்பம், நாசிக்கில் இருக்கிறார்கள், மாப்பிள்ளையின் அம்மா பக்தி அதிகம் உள்ளவர். பெரிய வியாழனுக்கு எங்கள் கோயிலுக்கே வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"ஆன்ட்டி, இந்த தடவ மட்டும் அப்பாக்கு வேற சேர் குடுங்க, ப்ளீஸ். போட்டோ எல்லாம் குரூப்ல வரும். முதல் தடவ பாக்குறாங்க, அப்பா யூதாஸா உக்காந்தா அச்சா நஹி லக்தா, நல்லாருக்காது."

அவள் கேட்டதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. அந்திரேயாவின் அட்டையில் சேவியர் பெயரை எழுதி, அவருக்குப் போன் செய்து சொன்னேன். மறுநாள் காலையில் அவர் என் வீட்டு வாசலில் நின்றார்.

உள்ளே வந்து உட்கார்ந்து, கொடுத்த டீயை ஆறவிட்டு, தன் அண்ணன் பவுனைப் பற்றிச் சொன்னார். அவருக்கு ஓர் அண்ணன் இருந்ததே எனக்கு அன்றுதான் தெரியும். பவுன் ஊரிலேயே இருந்தவர். கல்யாணமாகவில்லை. என்ன கஷ்டமோ, கடைசி வரை யாரிடமும் சொல்லவில்லை, ஒருநாள் தூக்கில் தொங்கிவிட்டார். தகவல் கேட்டு சேவியர் புனேயிலிருந்து ஓடினார். நெஞ்சுவலி என்று பங்குச் சாமியாரிடம் சொல்லிவிடலாம் என்று வீட்டில் பேசி வைத்திருந்தார்கள். சாமியாருக்குச் சந்தேகம் வந்து சேவியரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். குருவானவரிடம் எப்படிப் பொய் சொல்வது என்று சேவியர் உண்மையைச் சொல்லிவிட்டார். பவுனின் உடல் கோயிலுக்குள் போகவில்லை. கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே புதைத்தார்கள். அம்மா சாகும்வரை சேவியரோடு பேசவில்லை.

"காட்டிக்குடுத்தவன் நான். தொங்குனவன் அவன். ரெண்டு பேருக்கும் சேத்து அந்த ஒரு நாற்காலிதான் டீச்சர்."

பத்தொன்பது வருடமாக இந்த மனுஷன் காது கேட்க அல்லவா அந்த இரண்டு பத்தி பாடத்தை நடத்தியிருக்கிறேன். வெட்கத்தில் ஏதோ மன்னிப்பு மாதிரி சொல்ல ஆரம்பித்தேன். அவர் தடுத்துவிட்டார்.

"அவனும் அழுதிருப்பான் டீச்சர். பாக்கத்தான் ஆளில்லாம இருந்திருக்கும்."

அவர் கேட்டது இரண்டே இரண்டு. தீபா ஆசைப்படி தான் அந்திரேயாவாக உட்காருவதாகவும், ஆனால் பன்னிரண்டாவது நாற்காலி மட்டும் காலியாக இருக்கக் கூடாது, யாருடைய காலாவது அங்கே கழுவப்பட வேண்டும் என்றும் சொன்னார். இது ஒன்று. பவுன் கதை தீபாவுக்குத் தெரியாது, நெஞ்சுவலி என்றுதான் அவளும் நினைத்திருக்கிறாள், சொல்லவே கூடாது, இது இரண்டாவது. நான் சத்தியம் செய்தேன்.

முதலாவதற்கு நாயாய் அலைந்தேன். பதினாலு பேரைக் கேட்டேன். ஒருவருக்கு மூட்டுவலி, ஒருவருக்கு மாமியார், ஒருவர் போனையே எடுக்கவில்லை. புதன்கிழமை வரை ஆள் சிக்கவில்லை. அந்த நாற்காலி காலியாகக் கிடப்பதையும், சேவியர் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதையும் நினைத்தால் சோறு இறங்கவில்லை. அன்று மத்தியானம் தீபாவுக்குப் போன் போட்டேன். சத்தியமாவது ஒன்றாவது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் அவள் அழுகிற சத்தம் கேட்டது. நானும் அழுதேன்.

வியாழக்கிழமை பதினொரு ஆண்கள் வலது கால் செருப்பைக் கழற்றி, பேண்ட்டைச் சுருட்டிவிட்டு உட்கார்ந்தார்கள். கடைசி நாற்காலி காலியாக இருந்தது. சேவியர் இரண்டாவது இடத்தில் தலைகுனிந்து இருந்தார், என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. மூன்றாவது பெஞ்சில் நாசிக் குடும்பம். அவர்களுக்கு நடுவில் இருந்த தீபா எழுந்தாள். வருங்கால மாமியாரின் முழங்காலைத் தாண்டி வெளியே வந்தாள். பெண்களும் உட்காரலாம் என்று ரோமிலிருந்து உத்தரவு வந்து வருடங்களாகியும் எங்கள் கோயிலில் ஒரு பெண்ணும் உட்கார்ந்ததில்லை. அவள் நேராகப் போய் யூதாசின் நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள்.

ஃபாதர் ஆண்டனி புதிதாக வந்தவர். குவளையும் கையுமாகப் பதினோராவது ஆளிடம் ஒரு கணம் நின்று என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவர் பன்னிரண்டாவது நாற்காலி முன்னால் மண்டியிட்டார். தண்ணீர் பேசினில் விழுகிற சத்தம் கேட்டதும்தான் சேவியர் நிமிர்ந்தார். மகளைப் பார்த்தார். முகத்தைத் துடைக்கக் கர்ச்சீப்பைத் தேடினார், கிடைக்கவில்லை, சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார். அவர் அழுததை அன்று இருநூறு பேரும் பார்த்தோம்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது, ஏன் அந்த இடத்தில் உட்கார்ந்தாய் என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். தன் பெரியப்பாவுக்காக என்றாள் தீபா. அதோடு நிறுத்தவில்லை, பெரியப்பா எப்படிச் செத்தார் என்பதையும் சொன்னாள். அந்தம்மா பெரியப்பாவின் பெயரைக் கேட்டார், பூசை வைக்க வேண்டுமாம்.

சேவியர் மெதுவாக என்னிடம் வந்தார். நான் கோயில் சுவரைப் பார்த்தபடி நின்றேன்.

"நீங்கதான் சொன்னீங்களா டீச்சர்?"

"ஆமா சேவியர்."

"சத்தியம் பண்ணிட்டு?"

"ஆமா."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"அப்ப அடுத்த வருசம் அந்த நாற்காலி உங்களுக்கு" என்றார்.

இன்று மத்தியானம் இந்த வருடத்து அட்டைகளை எழுதி முடித்தேன். அந்திரேயாவுக்கு சேவியர். கடைசி அட்டைக்கு என் பெயர், மல்லிகா. சாயங்காலம் உட்கார்ந்து குதிகாலைத் தேய்க்க வேண்டும்.