ஏழு பீச் கொட்டைகள்

மெட்ராஸில் பீச் முளைக்காது என்று சொன்னவர் என் மாமா, அம்மாவின் தம்பி. குன்னூரில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. ஒவ்வொரு கோடையிலும் மந்தைவெளியில் எங்கள் வீட்டுக்கு ஒரு கூடை பீச் பழத்தோடு வருவார். "முளைச்சா திருப்பதிக்குப் போய் மொட்டை போட்டுக்கறேன்க்கா" என்று அவர் சொன்னது விளையாட்டுக்கு. அம்மா அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு வருடம் கொட்டைகளைத் தொட்டியில் புதைத்துத் தண்ணீர் விட்டாள். ஒன்றும் வரவில்லை. ஊரில் தண்ணீர்ப் பஞ்சம் வேறு. தெருக்குழாயிலிருந்து எங்களுக்குக் குடம் தூக்கிவருகிறவள் ஒருநாள் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டாள். "இன்னாம்மா, நான் கொண்ணாந்த தண்ணிய வெறும் மண்ணுக்கு ஊத்திக்கினு கீறே?" அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து சிரித்தார். அம்மா அன்றுமுதல் அரிசி களைந்த நீரை ஊற்றினாள். வேறு மாறுதல் எதுவும் செய்யவில்லை.

மூன்றாம் வருடம், அடையாறில் செடி விற்கும் ஒருவரிடம் காரணத்தைத் தெரிந்துகொண்டு வந்தாள். மலையில் பீச் கொட்டை ஒரு குளிர்காலம் முழுக்க ஈரத்தில் கிடந்த பிறகுதான் முளைக்கும். எங்களுக்கு எட்டிய தூரத்தில் குளிர்காலம் இருந்த ஒரே இடம், மாடியில் வீட்டுக்கார மாமியின் ஃப்ரிட்ஜ்.

மாமி மடி, ஆசாரம் பார்ப்பவர். "பெருமாளுக்கு நைவேத்யமா கை காட்டற பால் அதுலதான் இருக்கு. யார் வாயும் படாத கொட்டையா இருந்தா கொண்டு வாங்கோ" என்றார்.

எனவே அந்த வருடம் முழுப்பழம் யார் கைக்கும் வரவில்லை. அம்மா அரிவாள்மணையில் நறுக்கித் துண்டுகளை மட்டும் கொடுத்தாள். ஏழு கொட்டைகள் தட்டில் தனியாக இருந்தன. கொட்டையை ஒட்டிய சதைதான் அதிக ருசி என்பது எட்டு வயதிலேயே எனக்குத் தெரியும். ஒன்றை எடுத்துக்கொண்டு கொல்லைக் குழாயடிக்குப் போய், வரிவரியாகத் தெரியும்வரை சப்பினேன். கழுவித் தட்டில் போட்டேன். அம்மா மற்றவற்றையும் கழுவியபின் எது அது என்று எனக்கே தெரியவில்லை.

உண்மையைச் சொன்னால் ஏழும் தெருவுக்குப் போகும். அம்மாவின் மூன்றாவது வருடமும் போகும். நான் சொல்லவில்லை.

சாயங்காலம் அவற்றை ஈரத்துணியில் தனித்தனியாகச் சுற்றி மாடிக்குக் கொண்டுபோனோம். மாமி அம்மாவிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்டார்.

"எச்சில் இல்லியேடி?"

"இல்லை மாமி."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு ஃப்ரிட்ஜைத் திறந்தார். தட்டுகளில் நிறைய இடம் இருந்தது. அவர் அங்கே வைக்கவில்லை. கதவின் உட்புறத்தில் வரிசையாக இருந்த சின்னக் குழிகளில் ஒவ்வொன்றாக உட்கார்த்தினார். அந்தக் குழிகளில் அதுவரை அவர் எதையும் வைத்து நான் பார்த்ததில்லை. கொட்டைகள் அவ்வளவு பொருத்தமாக உட்கார்ந்தன. பீச் கொட்டைக்கென்றே செய்தது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் மாடியேறித் துணிகளை நனைத்துவிட்டு வந்தாள். இரண்டில் பூஞ்சை பிடித்தது. ஒன்று அழுகியது. மிச்சம் நான்கைத் தொட்டியில் வைத்தாள். ஒன்று முளைத்தது.

அடுத்த கோடையில் கூடையோடு வந்த மாமா, முழங்கால் உயரச் செடியின் முன்னால் நின்றார். இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்தார். அம்மா சமையலறையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துவந்து நீட்டினாள். திருப்பதி பஸ் டிக்கெட். "கார்த்தால அஞ்சு மணிக்கு" என்றாள். மறுநாள் இரவு மாமா லட்டோடும் மழித்த தலையோடும் திரும்பினார்.

அந்தச் செடி என்னைவிட உயரமாக வளர்ந்தது. ஒரு பூக்கூடப் பூக்கவில்லை. அம்மாவுக்கு அதில் குறை இல்லை. பந்தயம் முளைப்பதோடு முடிந்துவிட்டது.

கல்லூரியில் படிக்கும்போது ஒருமுறை சாந்தோமில் ஒரு தோழி வீட்டுக்குப் போயிருந்தேன். தண்ணீர் எடுக்க அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தேன். கதவில் அதே குழிகள். ஒவ்வொன்றிலும் ஒரு முட்டை.

"என்னடி, முட்டையப் பாத்ததே இல்லியா?" என்றாள் தோழி.

நான் கதவை மூடாமல் நின்றிருந்தேன். மாமியின் சமையலறை ஜன்னல் எங்கள் கொல்லைக் குழாய்க்கு நேர் மேலே இருந்தது. என் பொய்யை அவர் நம்பினார் என்றே அதுவரை நினைத்திருந்தேன்.