வேம்பார்க் கடலில் வீடு தேடிய டிரோன்

பிள்ளைகளே, விடியுமுன் கோவில்பட்டியில் நான் பஸ் ஏறியபோது நீங்கள் இருவரும் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். மடியில் டிரோன் பெட்டி. ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்தைப் படம் பிடிக்க அதுதான் வேண்டும். நம் வீட்டு அடுப்பு எரிவதும் அதனால்தான். கடலுக்கு மேல் அதை ஒருநாளும் விட்டதில்லை. எட்டயபுரம், விளாத்திகுளம் தாண்டி வேம்பார் வரும்வரை பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தேன்.

தூத்துக்குடி துறைமுகப் பக்கம் டிரோன் விடக் கூடாது. வேம்பாரில் அந்தத் தொந்தரவு இல்லை. அங்கே சவேரி அண்ணாச்சி புதுப் படகு வாங்கியிருந்தார். முந்தின நாள் சர்ச் சாமியார் வந்து ஜெபம் சொல்லி மந்திரித்த படகு. அதன் முதல் ஓட்டத்தை மேலிருந்து படம் பிடிக்க என்னைக் கூப்பிட்டிருந்தார். முதல் ஓட்டத்தில் வலை விடாமல் படகைத் திருப்பக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அதை இரண்டு தரம் சொன்னார். நான் தலையாட்டினேன்.

ஏழு மணிக்குக் கிளம்பினோம். படகு ஆடியதால் பலகையில் வைத்து டிரோனைக் கிளப்ப முடியவில்லை. அண்ணாச்சியின் தம்பி ரொசாரி அதைக் கையில் உயர்த்திப் பிடித்தார்.

"ஏலே, விரலு பத்திரம். வலை இழுக்கணும்," என்றார் அண்ணாச்சி.

டிரோன் ஏறியது. ரொசாரி திரையை எட்டிப் பார்த்தார். "மேலேருந்து ஒங்க வழுக்கைதாம்ணே பளிச்சுன்னு தெரியுது."

கொஞ்ச நேரத்தில் காற்று வலுத்தது, சிக்னல் போய்விட்டது. பிள்ளைகளே, சிக்னல் போனால் டிரோன் தான் ஏறிய இடத்துக்கே போய் இறங்கிவிடும். அதற்கு அதுதான் வீடு. தரையில் அது நல்ல குணம். நாங்களோ அந்த இடத்தைவிட்டு இரண்டு கிலோமீட்டர் வந்துவிட்டோம். அங்கே வெறும் தண்ணீர். ஓடும் படகையே வீடாக வைக்க ரிமோட்டில் வழி உண்டு. டிரோனை ஏற்றிய பதற்றத்தில் நான் அதைச் செய்யவில்லை.

படகைத் திருப்பச் சொன்னேன். அண்ணாச்சி கடலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏலே, ஒரு துண்டு வலைய இங்கனயே போடு."

"இங்கனயா? இங்கன என்னண்ணே கெடக்கு?"

"அங்கன அவரு டிரோன் கெடக்குல்லா. போடுலே."

வலை இறங்கியதும் படகு திரும்பிப் பறந்தது. நாங்கள் நெருங்கியபோது டிரோன் தண்ணீருக்கு மேல் ஓர் ஆள் உயரத்தில் கீச்சிட்டபடி இறங்கிக்கொண்டிருந்தது. சிக்னல் வந்துவிட்டது, விசையை மேலே தள்ளி அதை அந்தரத்தில் நிறுத்தினேன். அண்ணாச்சி படகை அதன் அடியில் கொண்டுபோனார். ரொசாரி எட்டிப் பிடித்தார்.

"விரலு?"

"பத்தும் இருக்குண்ணே."

ஒரு மணி நேரம் கழித்து, வலை விட்ட இடத்துக்குத் திரும்பி அதை இழுத்தோம். மூன்று நண்டுகள். புதுப் படகின் முதல் மீன்பாடு இவ்வளவுதானா என்று எனக்குக் கூச்சமாகிவிட்டது. அண்ணாச்சி மூன்றையும் ஒரு பையில் போட்டு என்னிடம் நீட்டினார். நான் மறுத்தேன்.

"ஒங்களுக்காவ விட்ட வலைதான? பிள்ளைகளுக்குக் கொண்டு போங்க."

திரும்பும் பஸ்ஸில், விளாத்திகுளம் வந்ததும் உங்களுக்கு போன் போட்டு எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். எட்டயபுரத்தில் அத்தை வீட்டில் என்றீர்கள். கேட்காமல் இருந்திருந்தால் நானும் நேரே கோவில்பட்டிக்குப் போய்ப் பூட்டிய கதவின் முன்னால் நின்றிருப்பேன். எட்டயபுரத்தில் இறங்கினேன். பைக்குள் நண்டுகள் இன்னும் பிறாண்டிக்கொண்டிருந்தன.