மினுங்கிய ரிம்

பிள்ளைகளே, தொண்ணூறுகளின் நடுவில், ஊரை விட்டு வந்து குடியேறிய இந்த நகரத்தின் பார்க்டேல் பகுதியில், ஒரு வீட்டு வாசலில் எறியப்பட்டுக் கிடந்த இரும்புச் சைக்கிள் ஃபிரேம் ஒன்றைத் தூக்கி வந்தேன். நிமிர்ந்திருந்து ஓடுகிற பழைய மாதிரிச் சைக்கிளாக அதைக் கட்ட ஆசை. என்னோடு வேலைசெய்த அண்ணை ஒருவர் நகரத்தின் மறுகோடியில், அஜின்கோர்ட்டில், தன் பேஸ்மென்டில் சைக்கிள் சில்லுக் கட்டிக் கொடுப்பார். அவர் இரண்டு பின்சில்லுகளை எடுத்து வைத்தார். ஒன்று மங்கலான அலுமினிய ரிம். சில்லின் நடுவிலுள்ள ஹப்புக்குள்ளேயே பிறேக், பெடலைப் பின்பக்கம் மிதித்தால் நிற்கும். மற்றது பளபளக்கும் குரோம் இரும்பு ரிம். சாதாரண ஹப், கைப்பிறேக். நான் குரோமைத் தொட்டேன்.

"உது மினுங்கும், தம்பி. மழைக்கை பிறேக் கட்டை வழுக்கும்."

"யாழ்ப்பாணத்திலை மழை பெய்யேல்லையே, அண்ணை?"

"அங்கை இறக்கம் எங்கை கிடந்தது? காலை ஊண்டினாலே நிண்டிடும்."

மினுக்கம் மட்டும் காரணமில்லை. சைக்கிள் தன்பாட்டில் உருளும்போது பெடலைச் சும்மா பின்பக்கம் சுற்றுவது எங்கள் எல்லோருக்கும் கால்பழக்கம். ஹப்புக்குள் பிறேக் இருந்தால் அந்தப் பழக்கத்திலேயே விழுந்துவிடுவேன் என்று பயந்தேன். பயந்துதான் குரோமை எடுத்தேன். முன்சில்லுக்கும் அதையே போட்டேன்.

மகளே, அப்போது உனக்கு ஆறு வயது. ஒரு சனிக்கிழமை உன்னை முன் குறுக்குக் கம்பியான பாரில் இருத்திக்கொண்டு பார்க்குக்குப் போனேன். திரும்பும்போது தூறல். வீட்டுப் பக்கம் வருகிற தெரு சரிவாக இறங்கி, பஸ் ஓடும் பெரிய ரோட்டில் முட்டும். பாதி இறக்கத்தில் இரண்டு பிறேக்கையும் பிடித்தேன். ரிம் கீச்சிட்டது, வேகம் குறையவில்லை. இன்னும் இறுக்கினேன். அப்போதும் என் கால்கள் பெடலைப் பின்பக்கம் சுற்றிக்கொண்டிருந்தன. டிக் டிக் என்ற சத்தம் மட்டும் கேட்டது.

"அப்பா, ரெட் லைட்," என்றாய். கத்தவில்லை. எனக்குத் தெரியாது என்று நினைத்துச் சொன்னாய்.

சப்பாத்துக் காலை ரோட்டில் தேய்த்தேன். கால் இழுபட்டது. கடைசி வீட்டின் வேலிச் செடிக்குள் ஹாண்டிலைத் திருப்பினேன். செடி எங்களைப் பிடித்தது. பின்னால் பஸ் ஒன்று தண்ணீரை அடித்துக்கொண்டு போனது. உன் கன்னத்தில் சின்னக் கீறல், அவ்வளவுதான். ஹாண்டிலை இறுக்கிப் பிடித்திருந்த உன் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். வீடுவரை உருட்டிக்கொண்டு நடந்தோம்.

அடுத்த கிழமை அண்ணையிடம் போய் மற்றச் சில்லைப் பூட்டுவித்தேன். ஆளில்லாத பார்க்கிங் லொட்டில் தனியாகப் பழகினேன். நினைத்தபடியே கால் பின்பக்கம் சுற்ற, சில்லு இறுகி இரண்டு தரம் விழுந்தேன். ஒரு மாதத்தில் கால் படிந்தது. பிறகு எந்த மழையிலும் அது நின்றது.

அதன்பின் ஒரு சனிக்கிழமை, பார்க்குக்குப் போக நீ சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றாய்.

"பார் லூசாக் கிடக்கு, பிள்ளை. பூட்டிப்போட்டு ஏத்திறன்," என்றேன்.

கேட்கும்போதெல்லாம் அதையே சொன்னேன். பிறகு நீ கேட்பதை விட்டுவிட்டாய். அந்தப் பார் ஃபிரேமோடு ஒட்டினது, மகளே. அது லூசாகாது.