கடைசிக் கிளையில் ஒரு களம்

கம்பைநல்லூருக்குப் பக்கத்தில் ஓர் உழவர் கம்பெனி இருக்கிறது. விவசாயிகள் சேர்ந்து நடத்துவது. அவர்களுக்காக அதிகாரிகளிடம் பேசுகிற வேலை வெங்கடாசலத்துக்கு. பேசுவதில் அவருக்கு ஒரு குறையும் கிடையாது, நிறுத்துவதில்தான் சிரமம். அவர் கம்ப்யூட்டரைத் திறந்து பிரசென்டேஷனை ஆரம்பித்தால், கூட்டத்துக்கு வந்தவர்கள் செருப்பு எந்தப் பக்கம் கிடக்கிறது என்று பார்க்கத் தொடங்குவார்கள்.

இப்படிப்பட்டவரைத்தான் சேலத்துக்கு ஒருநாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். போனவர் மைண்ட் மேப்போடு திரும்பி வந்தார். ஒரு பெரிய தாள், நடுவில் வட்டம், வட்டத்துக்குள் விஷயம், அதைச் சுற்றிக் கலர் கலராகக் கிளைகள், கிளைக்கு ஒரே ஒரு சொல். வலப்பக்கம் மேலே தொடங்கி, கடிகார முள் போகிற திசையில் சுற்றி வந்தால் பேச்சு முடிந்தது. ஒருமுறை மனசில் ஏற்றிக்கொண்டால் குறிப்பே பார்க்க வேண்டாம். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. மளிகைக்கடைக்குப் போவதற்கும் மைண்ட் மேப் போட்டார்.

"புளிக்கும் பருப்புக்கும் நடுவால கோடு எதுக்குங்க?" என்று மனைவி சோபனா கேட்டாள்.

"ரெண்டும் சாம்பார்ல போய்ச் சேருதில்ல?"

அன்றைக்கு வந்த சாமான்களில் உப்பு மட்டும் இல்லை.

விளையாட்டு அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அந்த ஊரில் கதிரடிக்கக் களம் கிடையாது. கொள்ளுச் செடியைப் பிடுங்கி வந்து தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் மிதித்துக் கொடுத்துவிட்டுப் போகும். ஆனால் அந்தச் செடியின்மேல் ஏறினால் டூவீலர் வழுக்கும். போன வருஷம் சோபனாவின் தம்பி மாயவன் அப்படித்தான் விழுந்தான். உள்ளே கம்பி வைத்தும் அவன் கால் இன்னும் நேராகவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வெங்கடாசலம் சொன்னார்: "அடுத்த அறுப்புக்குள்ள ஊருக்கு ஒரு களம் வாங்கித் தர்றது என் பொறுப்பு மாயவா." அதில் ஒரு பொய்யும் இல்லை.

அடுத்த அறுப்பும் வந்தது. மாவட்டத்திலிருந்து பெரிய அதிகாரி ஒரு அம்மா வருவதாகத் தகவலும் வந்தது. பேசப் பத்து நிமிஷம். மனசுக்குச் சரி என்று பட்டால் அங்கேயே உத்தரவு போடுவாராம்.

வெங்கடாசலம் சார்ட்டை விரித்து, நடு வட்டத்தில் 'களம்' என்று எழுதினார். எழுதியதும் கூச்சமாக இருந்தது. வீட்டுக்கு வந்தவரிடம் எடுத்த எடுப்பிலேயே எனக்கு இது வேண்டும் என்று கேட்பார்களா? அடித்துவிட்டு 'நம் ஊர்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேழ்வரகுக் கதிரும் வரைந்தார். முதல் கிளை வரவேற்பு. பிறகு வரலாறு, பயிர், மழை, விபத்து. கடைசியாக, சுற்று முடிகிற இடத்தில், கோரிக்கை.

கம்பெனித் தலைவர் சென்னப்பன் வந்து பார்த்தார். "நம்ம பேரு எந்தக் கெளையில வருதுங்க?"

வரவேற்பில் ஒரு சின்னக் கிளை பிரிந்தது. முன்னாள் தலைவர் முனிராஜ் காதுக்கு அது போய்விட்டது. "அவரு பேரு இருக்குது, நம்ம பேரு இல்லைன்னா நல்லாருக்குமாங்க?" என்று வந்து நின்றார். பின்னாலேயே பந்தல்காரர், மைக்செட்காரர், கூட்டத்துக்கு டீ கொடுக்கப்போகிற சிவக்குமார். பேருக்கு ஒரு கிளை, கிளைக்கு ஒரு சால்வை. வரவேற்பு பெருத்துப் பாதித் தாளை அடைத்துக்கொண்டது. கோரிக்கை மூலையில் ஒண்டிக்கொண்டது.

"களத்த மொதல்ல சொல்லிப்போட்டு அப்புறமா சால்வையப் போட்டா ஆவாதுங்களா?" என்றாள் சோபனா.

"கடிகாரம் பின்னால சுத்துமா புள்ள?" என்றார்.

அன்றைக்கு வெங்கடாசலம் பேசியதை ஊர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. சார்ட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு பேரை விடவில்லை, ஒரு பட்டத்தையும் மாற்றிச் சொல்லவில்லை. சால்வைக்குச் சால்வை கைதட்டல். அவர் மழைக் கிளைக்கு வந்தபோது அதிகாரியின் உதவியாளர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். அதிகாரி எழுந்தார். கீழே வந்து, உண்மையான ஆச்சரியத்தோடு, "ஒரு குறிப்பும் பார்க்காம இவ்வளவு பேரையும் எப்படிங்க சொன்னீங்க?" என்று கேட்டார்.

களம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். பாவி மனுஷன் மைண்ட் மேப்பை விளக்க ஆரம்பித்தார். மூளை, கலர், கிளை என்று கார்க் கதவு வரைக்கும் கூடவே நடந்து விளக்கினார். அந்த அம்மாவும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மேடையில் கொடுத்ததைவிட அதிக நேரம் கார்ப் பக்கத்தில் கொடுத்தார்.

கார் புறப்பட்டு, ரோட்டில் காய்ந்த கொள்ளின்மேல் ஏறியது. டயருக்கடியில் காய்கள் படபடவென்று வெடித்தபோதுதான் அவருக்குக் கடைசிக் கிளை ஞாபகம் வந்தது. கையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். அதிகாரி கண்ணாடியை இறக்கி, சிரித்தபடி டாட்டா காட்டினார்.

மறுவாரம் உத்தரவு வந்தது. களத்துக்கு இல்லை. மாவட்டத்தில் உள்ள மற்ற உழவர் கம்பெனிக்காரர்களுக்கெல்லாம், 'பத்து நிமிடத்தில் கோரிக்கை வைப்பது எப்படி' என்று வெங்கடாசலம் வகுப்பு எடுக்க வேண்டும். சென்னப்பன் அவருக்கு பிளெக்ஸ் வைத்தார். அதில் முனிராஜ் படமும் இருந்தது.

முதல் வகுப்புக்கு சார்ட்டைச் சுருட்டி வண்டியில் கட்டிக்கொண்டு கிளம்பினார். ஊர் எல்லையில் ரோடு முழுக்கக் கொள்ளு. ஓரத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, மாயவன் ஒரு கோலால் செடியைப் புரட்டிவிட்டுக்கொண்டிருந்தான். களத்தைப் பற்றி அவன் ஏதாவது கேட்டுவிடுவானோ என்று வெங்கடாசலம் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது.

மாயவன் திட்டவில்லை. கேட்கவும் இல்லை. கோலை ஊன்றிக் கஷ்டப்பட்டு எழுந்து, வண்டி போகிற அளவுக்குச் செடியை ஒதுக்கிவிட்டான்.

"எறங்கித் தள்ளிக்கிட்டே போங்க மாமா," என்றான். "வழுக்கும்."